பரஸ்தானம் போன அடுப்பு

ஓய்வு பெற்ற நமக்கெல்லாம் இப்போது வருடம் முழுக்க லீவுதான். அதை அனுமதிக்கவோ மறுக்கவோ ஒரு மேலதிகாரி இல்லாததால் அதில் ருசியும் இல்லை. லீவு ருசிக்க வேண்டுமானால் அது குறைவாக இருக்க வேண்டும்; கேட்டுப் பெற வேண்டும்; பெற்ற பிறகும், கடைசி நேரத்தில் ரத்து செய்துவிடுவார்களோ என்று பயந்துகொண்டே பெட்டி கட்ட வேண்டும். என்னோடு ஓய்வு பெற்றவர்களுக்கு இது விளங்கும். பணிக்காலத்தில் பாதியை, மற்றவர்களின் லீவு விண்ணப்பங்களை விதி எண் குறிப்பிட்டுத் திருப்பியனுப்புவதில் கழித்தவள் நான். மறு பாதியை, என் விண்ணப்பத்தை யாரும் திருப்பியனுப்ப முடியாதபடி எழுதுவதில் கழித்தேன்.

இப்போது இந்தப் பேச்சை எடுக்கக் காரணம், பெங்களூர் ஓரத்துச் சந்தாபுராவில் எட்டாவது மாடியில் குடியிருக்கும் என் மகன். அவன் குடும்பத்தோடு கேரவனில் சுற்றுலா போகத் திட்டமிடுகிறான். படுக்கை, கழிப்பறை, சமையல் மேடை எல்லாம் உள்ளேயே இருக்கும் வண்டி. வாடகைக்கு எடுத்து, தானே ஓட்டிக்கொண்டு, காஞ்சிபுரத்தில் தொடங்கி ராமேஸ்வரம் வரை போய் மதுரை, சேலம் வழியாகத் திரும்ப வேண்டுமாம். லீவுதான் போதவில்லை. இருக்கிற லீவை இரண்டு வார இறுதிகளுக்கு நடுவே செருகி, ஒரு பண்டிகையையும் இழுத்துப் போட்டு நீட்டிவிட்டதாகச் சொன்னான். ஏதோ அவனே கண்டுபிடித்த வித்தை என்ற தோரணை. அவன் தாத்தா அதை இவன் பிறப்பதற்கு வெகு காலம் முன்பே செய்து முடித்துவிட்டார். கேரவனும் வைத்திருந்தார். அந்தப் பெயர்தான் தெரியாது.

என் அப்பா மாநில அரசு ஊழியர். தமிழில் யோசித்து, ஆங்கிலத்தில் குறிப்பெழுதி, கன்னடத்தில் கையெழுத்துப் போடுவார். பெங்களூரில் நம் ஆட்களில் பலர் அப்படித்தான் குடும்பம் நடத்தினார்கள். ஒரு துறை கழித்துக்கட்டிய வேன் ஒன்று ஏலத்துக்கு வருகிறது என்று அவருக்குத் தெரிந்ததும், விதிப்படி மனுப் போட்டு, விதிப்படி ஏலம் கேட்டு, விதிப்படி எடுத்தார். எதிர்த்துக் கேட்க ஆளே வரவில்லை. ஏன் வரவில்லை என்பது வேன் எங்கள் தெருவுக்குள் நுழைந்தபோதுதான் புரிந்தது. அது ஊர் ஊராகப் போய்க் குடும்பக் கட்டுப்பாட்டுப் பிரச்சாரம் செய்த வண்டி. பக்கவாட்டில் ஆள் உயரத்துக்கு ஒரு சிவப்பு முக்கோணம். கூரைமேல் ஒலிபெருக்கிக்கான கொம்பு.

அம்மா முன்வாசல் கதவைச் சாத்திக்கொண்டாள். மூன்றாம் வீட்டுக் கன்னட அம்மா மட்டும் கேட் வரை வந்து, இடுப்பில் கை வைத்து நின்று பார்த்துவிட்டுத் தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னார்:

"ஏன்ரீ, ஃபேமிலி பிளானிங் மனெகே பந்து பிட்டிதெ!"

குடும்பக் கட்டுப்பாடு வீட்டுக்கே வந்துவிட்டதாம். அப்பா அசரவில்லை. "நமக்கு ரெண்டே பசங்கதானே. தைரியமா ஓட்டலாம்" என்றார்.

சித்தப்பா, அதாவது அப்பாவின் தம்பி, பஸ்ஸுக்குப் பாடி கட்டும் பட்டறையில் வேலை பார்த்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து வண்டியை மாற்றிக் கட்டினார். அறுத்த பலகையின் வாசனையும் நீல பெயிண்டின் நெடியும் அந்தக் கோடை முழுக்க எங்கள் சோற்றில்கூட இருந்தன. முக்கோணத்தின்மேல் ஒரு கோட்டிங் அடித்தார். வெயில் ஏறியதும் அது கீழிருந்து எட்டிப் பார்த்தது. இன்னொரு கோட்டிங் அடித்தார். இன்னும் மங்கலாக, ஆனால் பிடிவாதமாக, வந்து நின்றது. "கவர்மெண்ட் பெயிண்ட் அண்ணா. போகாது" என்று விட்டுவிட்டார். உள்ளே இரண்டு பக்கமும் மடக்குப் பலகைகள், நடுவில் டிரங்குப் பெட்டிகள், மூலையில் குழாய் வைத்த தண்ணீர் டின். எல்லாவற்றுக்கும் மேலாக, பின்கதவில் ஒரு சமையலறை.

அந்தச் சமையலறைதான் அப்பாவின் பெருமை. பின்கதவின் கீழ்ப்பாதி சங்கிலியில் தொங்கிக் கீழே சாய்ந்து மேடையாகும். மேடையில் எங்கள் வீட்டுப் பித்தளை பம்ப் ஸ்டவ்வின் மூன்று கால்களும் உட்காருகிற மாதிரி மூன்று குழிகள். சித்தப்பா ஸ்டவ்வையே கொண்டுபோய் வைத்து அளவெடுத்து வெட்டியிருந்தார். அப்பா அதைத் திறந்து மூடி, திறந்து மூடி, வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினார். "சமையல்கட்டே கூட வருது பாருங்க. இவளுக்கு ஒரு கஷ்டமும் கிடையாது."

அந்த ஸ்டவ்வை உங்களில் பலருக்கு ஞாபகமிருக்கும். வயிற்றில் கெரசின், பக்கத்தில் பம்பு, உச்சியில் அடைத்துக்கொள்வதற்கென்றே படைக்கப்பட்ட ஒரு துளை. அதைக் குத்த ஒரு பின். அந்தப் பின் தினமும் தொலையும். காலையில் எங்களை எழுப்பியது சேவலோ சுப்ரபாதமோ அல்ல. அம்மா பம்பு அடிக்கிற சத்தம்தான். பிறகு அது உஸ்ஸென்று சீறத் தொடங்கினால் ராத்திரி சாப்பாடு முடிகிற வரை ஓயாது. அம்மாவின் கையில் எப்போதும் மண்ணெண்ணெய் வாசனை இருக்கும். அம்மா என்றால் அந்த வாசனைதான் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் கைக்கென்று வேறு வாசனை இருக்கக்கூடும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

திட்டம் கூடத்துத் தரையில் நடந்தது. எங்கள் வீட்டுத் தரை சிவப்பு ஆக்ஸைடு. அதில் அப்பா சாக்பீஸால் தமிழ்நாட்டை வரைந்தார். ஊருக்கு ஒரு காலித் தீப்பெட்டி. ஆபீசிலிருந்து வந்ததும் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு தரையில் குந்தி, தீப்பெட்டிகளை நகர்த்துவார். லீவு குறைவு. ஈட்டிய விடுப்பில் அதிகாரி பாதியைத்தான் அனுமதித்திருந்தார். அதோடு தற்செயல் விடுப்பைச் சேர்க்க விதி இடம் தராது. ஆகவே முன்னால் ஒரு இரண்டாம் சனிக்கிழமை, பின்னால் ஒரு அரசு விடுமுறை என்று இரு பக்கமும் ஒட்டுப் போட்டு நீட்டினார். அப்படியும் ராமேஸ்வரம் எட்டவில்லை. "ஓட்டலுக்குப் போய் உக்காந்து, ஆர்டர் குடுத்து, அவன் ஆறிப்போனதைக் கொண்டுவந்து வெச்சு, பில்லுக்கு நின்னு... லீவுல பாதி ஓட்டல்லயே கரைஞ்சுடும். நாம சமைச்சுச் சாப்பிட்டா ராமேஸ்வரம் எட்டும்" என்று முடிவு செய்தார்.

காலையில் அம்மா கூடத்தைப் பெருக்க வேண்டும். காஞ்சிபுரத்தை எடுத்து ஓரமாக வைத்து, பெருக்கி, திரும்ப வைப்பாள். ஒரு நாள் தஞ்சாவூரைக் கடலுக்குள் வைத்துவிட்டாள்.

"ஏம்மா, ஊரைத் தூக்கித் தண்ணியில போட்டிருக்கியே!" என்றார் அப்பா.

"கொஞ்சம் நனையட்டுமேங்க. வெயில்ல காயுதுன்னு நீங்கதான சொன்னீங்க."

அந்தச் சமயத்தில்தான் அவள் கேட்டாள். நன்றாக ஞாபகம் இருக்கிறது, ஏனென்றால் அவள் எதையும் கேட்கிறவள் அல்ல. பெருக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டு, புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"ஏங்க, வழியில அங்கங்க ஓட்டல் இருக்குமே. ஒரு வேளையாவது வாங்கிச் சாப்பிட்டா ஆகாதா?"

"அதான் சொன்னேனே. டைம் இல்ல."

"உங்களுக்கு சனிக்கிழமையிலேர்ந்து லீவு. பசங்களுக்கு ஸ்கூல் லீவு. உங்க தம்பிக்குப் பட்டறையில லீவு. எனக்கு எப்பங்க லீவு ஆரம்பிக்குது?"

அப்பா தீப்பெட்டியிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "உனக்கா? நீதான் வருசம் பூரா லீவுலயே இருக்கியே."

சித்தப்பா சிரித்தார். என் அண்ணன் சிரித்தான். அம்மாவும் கொஞ்சம் சிரித்து வைத்துவிட்டுப் பெருக்குமாற்றை எடுத்துக்கொண்டாள். அத்தை மட்டும் சிரிக்கவில்லை. ஆனால் அத்தை பொதுவாகவே சிரிக்கிறவள் இல்லை என்பதால் அதை யாரும் பொருட்படுத்தவில்லை.

அத்தை அப்பாவுக்கு மூத்தவள். கணவரை இளம் வயதிலேயே இழந்து எங்கள் வீட்டோடு வந்துவிட்டவள். அம்மாவின் ரசத்தைப் பற்றி அவளுக்கு ஒரு நிரந்தர ஆட்சேபணை இருந்தது. இருவருக்கும் ஆகாது என்பது எங்கள் வீட்டில் தண்ணீர் ஈரம் என்பதுபோல் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அப்பாவுக்கு அரசு விதிகள் எப்படியோ, அத்தைக்குப் பஞ்சாங்கம் அப்படி. இரண்டு பேரும் மோதினால் வேடிக்கையாக இருக்கும். புறப்படும் வாரத்தில் மோதினார்கள்.

"சனிக்கிழமை கிழக்கே சூலம்டா தம்பி. காஞ்சிபுரம் எந்தப் பக்கம் இருக்கு?"

"அக்கா, சூலத்துக்காக கவர்மெண்ட் லீவு மாறாது."

"கவர்மெண்டுக்காக சூலமும் மாறாது."

ஒரு நாள் தள்ளினால் லீவில் ஒரு நாள் போகும்; ராமேஸ்வரம் தரையிலிருந்து துடைக்கப்படும். தள்ளாவிட்டால் அத்தை வண்டியில் ஏற மாட்டாள். அப்பா நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். அத்தைதான் வழியையும் சொன்னாள். "வெள்ளிக்கிழமை கிழக்கே போகத் தோஷமில்ல. அன்னிக்கே பரஸ்தானம் வெச்சுடு."

இந்த வழக்கம் நம் வீடுகளில் மறைந்துவருவதால் ஒரு வார்த்தை. புறப்பட வேண்டிய நாள் சரியில்லை என்றால், அதற்கு முன்னால் வருகிற நல்ல நேரத்தில், கூடக் கொண்டுபோகிற சாமான்களில் ஒன்றைக் கொண்டுபோய் வேறொரு வீட்டில் வைத்துவிட வேண்டும். அந்த நிமிடமே பயணம் தொடங்கிவிட்டதாகக் கணக்கு. மறுநாள் எந்த நேரத்திலும் கிளம்பலாம். போகிற வழியில் அந்தச் சாமானை எடுத்துக்கொண்டால் சரி.

அப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது. "அதாவது எஃபெக்டிவ் டேட் வெள்ளிக்கிழமை, கிளம்புறது சனிக்கிழமை. இது எங்க ஆபீஸ்ல தினமும் நடக்கிறதுதான் அக்கா. என் குடையைக் கொண்டுபோய் வெச்சுடலாம்."

"குடையா ஊருக்குப் போகுது? குடும்பம் போகுது. வீட்டுப் பொம்பளை கை தினமும் படுற சாமானா இருக்கணும்." அத்தை திரும்பி அம்மாவைப் பார்த்தாள். "உன் கை எது மேலம்மா ஜாஸ்தி படுது?"

அம்மா உள்ளே எட்டிப் பார்த்தாள். சமையலறையில் அது சீறிக்கொண்டிருந்தது.

"ஸ்டவ் மேலதான் அண்ணி."

"அப்ப அதான்" என்றாள் அத்தை.

வெள்ளிக்கிழமை காலை, அம்மா ஸ்டவ்வைப் புளி போட்டுத் தேய்த்து, துடைத்து, குங்குமம் வைத்து, பழைய புடவைத் துண்டில் சுற்றி, குழந்தையைத் தூக்குகிற மாதிரி தூக்கிக்கொண்டு மூன்றாம் வீட்டுக்குப் போனாள். நானும் கூடப் போனேன். அவர்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு பச்சைக்கிளிக் கூண்டு இருந்தது. எனக்கு அதுதான் முக்கியம். பின்னால் இரண்டு பேரும் கன்னடத்தில் தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மா கொஞ்சம் உரக்கக் கேட்டது மட்டும் காதில் விழுந்தது. "வாபஸ் யாவாக தகொள்த்தீரா?" எப்போது திரும்ப எடுத்துக்கொள்வீர்கள் என்று. அம்மா என்ன சொன்னாள் என்று கேட்கவில்லை, கிளி கத்திவிட்டது. நான் திரும்பியபோது அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்.

அன்றைய சமையலைக் கரி அடுப்பில் முடித்தாள். அந்தப் புகைக்கு அம்மா முகம் சுளிக்காதது அதுதான் முதல் தடவை.

சனிக்கிழமை காலை எல்லோரும் ஏறியாயிற்று. வேன் கிளம்பவில்லை. தெருவே வந்து தள்ளியது. லுங்கி, பனியன், பல் தேய்க்கிற பிரஷ்ஷோடு ஆட்கள். சரிவில் உருண்டு, இருமி, கறுப்பாகப் புகை கக்கி, வண்டிக்கு உயிர் வந்தது. முன்னால் சித்தப்பா ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தார், பக்கத்தில் அப்பா. பின்னால் நாங்கள். பின்கதவு ஜன்னலை ஒட்டி அம்மா.

"நிறுத்தாதடா! நிறுத்தினா ஆஃப் ஆயிடும்!" என்று அப்பா சித்தப்பாவிடம் கத்தினார். பிறகு திரும்பி அம்மாவிடம், "மூணாவது வீட்டுகிட்ட ஸ்லோ பண்ணுவான். கையை நீட்டி வாங்கிக்க. வாங்கினதும் ரைட் சொல்லு!"

வண்டி மூன்றாம் வீட்டுக்கு வந்து நடக்கிற வேகத்துக்கு இறங்கியது. கேட்டருகே அந்த அம்மா நின்றிருந்தார், தலை குளித்துப் பூ வைத்துக்கொண்டு. இரண்டு கைகளையும் தூக்கி ஆட்டினார். இரண்டும் காலியாக இருந்தன. அம்மா ஜன்னல் வழியாக ஒரு கையை நீட்டி ஆட்டினாள். பிறகு, அதுவரை நாங்கள் கேட்டே இராத ஒரு குரலில், கண்டக்டர்கள் தோற்றுப்போகிற மாதிரி ஒன்று கொடுத்தாள்.

"ரைட்!"

வண்டி பறந்தது. ஓசூர் சாலையில், அந்தக் காலத்துப் பொம்மசந்திரா வெறும் வயல். அதைத் தாண்டும்போது காற்றில் ஈர மண் வாசனை வந்தது. அத்தை கண்ணை மூடிக்கொண்டு ஏதோ முணுமுணுத்தாள். அண்ணனும் நானும் ஒலிபெருக்கிக் கொம்பு காற்றில் ஊளையிடுவதைக் கேட்டுச் சிரித்தோம்.

கிருஷ்ணகிரி தாண்டி ஒரு புளியமரத்தோப்பு. அப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்துத் தலையை ஆட்டினார், திட்டப்படி வந்திருக்கிறோம். எல்லோரையும் வண்டிக்குப் பின்னால் நிற்க வைத்து, திறப்பு விழா மாதிரி, சங்கிலியை அவிழ்த்துச் சமையல் மேடையைச் சாய்த்தார். அரிசி இருந்தது. பருப்பு இருந்தது. கெரசின் டின், குக்கர், கரண்டிகள், தொலைந்தால் இருக்கட்டும் என்று ஒரு பொட்டலம் நிறைய ஸ்டவ் பின்கள். மேடையில் மூன்று குழிகள் மூன்றும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன.

"ஸ்டவ் எங்க?"

அப்பா கேட்டுவிட்டு அம்மா பக்கம் திரும்பினார்.

"நீதானே ரைட் சொன்ன?"

"ஆமாங்க. நிறுத்தாதன்னு நீங்க கத்தினீங்க. நான் ரைட் சொன்னேன். வண்டி போச்சு" என்றாள் அம்மா.

"வாங்கிட்டா ரைட் சொல்லச் சொன்னேன்!"

"ஐயோ" என்றாள் அம்மா. அந்த ஐயோவை நான் பல வருடங்கள் கழித்து மனதுக்குள் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டிருக்கிறேன். அதில் பதற்றம் போதாது.

அப்பா வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "திருப்புடா. போய் எடுத்துட்டு வந்துடலாம்."

அத்தை அதற்குள் மரத்தடிக்குப் போய் உட்கார்ந்திருந்தாள்; எழுந்திருக்கவே இல்லை. "பரஸ்தானம் வெச்ச சாமானை எடுக்கத் திரும்பிப் போனா, கிளம்பினதே செல்லாது. மறுபடி நாள் பார்க்கணும். அடுத்த நல்ல நாள் செவ்வாய்க்கிழமைக்கு அப்புறம்தான்."

அப்பாவின் கண்ணில் ராமேஸ்வரம் மூழ்குவதைப் பார்த்தோம். "சரி. வேலூர்ல புதுசா ஒண்ணு வாங்கிக்கலாம்."

"அது அதைவிடத் தப்பு" என்றாள் அத்தை, முகத்தில் ஒரு கோடுகூட அசையாமல். "பரஸ்தானத்துக்கு ஒண்ணு வெச்சுட்டு, அதுக்குப் பதில் சாமான் வாங்கக் கூடாது. வெச்சது வெச்ச இடத்துல காத்துக்கிட்டிருக்கணும். சாஸ்திரம்."

விதி என்று சொல்லிவிட்டால் அப்பா கட்டுப்படுவார். அவர் வாழ்க்கையே அதன்மேல் கட்டப்பட்டது. அவர் மேடையைத் தூக்கிச் சங்கிலியை மாட்டினார். சித்தப்பாதான் பொறுக்க முடியாமல், "அண்ணா, ரெண்டு மைல்ல லாரிக்காரங்க நிறுத்துற ஓட்டல் ஒண்ணு இருக்கு. நல்லா இருக்கும். பசிக்குது" என்றார்.

அந்த ஓட்டலில் கீற்றுக் கொட்டகை, ஆடுகிற பெஞ்சுகள், சுவரில் ஈரச் சுண்ணாம்பு வாசனை. அம்மாவை நடுவில் உட்கார வைத்தார்கள். வீட்டில் அவள் எங்களுக்குப் பிறகு, சமையல்கட்டுத் தரையில், மிச்சம் இருப்பதைச் சாப்பிடுவாள். அவள் சாப்பிடும்போது எப்படி இருப்பாள் என்றே நான் பார்த்ததில்லை. இலை போட்டார்கள். சுடு சோறு விழுந்தது. ஆவி அவள் முகத்தில் அடித்தது. சாம்பார் ஊற்றி நகரப் போன ஆளை அம்மா நிறுத்தினாள்.

"இன்னொரு கரண்டி ஊத்துப்பா."

அவன் ஊற்றினான். அவ்வளவுதான் விஷயம். வாயைத் திறந்து கேட்டாள், ஒருவர் கொண்டுவந்து ஊற்றினார். அவள் அந்தச் சாம்பாரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத்தான் பிசைந்தாள். முடித்ததும் இலையை மடித்தாள், எழுந்தாள், கையைக் கழுவினாள், வெளியே நடந்தாள். எதையும் எடுக்கவில்லை, தேய்க்கவில்லை, துடைக்கவில்லை. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அதற்கப்புறம் வந்த ஊர்களை நான் கோபுரங்களால் ஞாபகம் வைத்திருக்கவில்லை. காஞ்சிபுரத்தில் சுக்கு மணக்கிற இட்லி. சிதம்பரத்தில் கொத்சு, அம்மா இரண்டு தரம் வாங்கினாள். தஞ்சாவூரில் அத்தை, வெளியில் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்காத அத்தை, பெஞ்சில் சம்மணமிட்டு உட்கார்ந்து, "ஒரு ரவா தோசை, முறுகலா" என்றாள். "அக்கா, நீயா?" என்றார் அப்பா. "யாத்திரையில தோஷமில்ல" என்றாள். மறுநாளும் தோஷமில்லை. அதற்கு மறுநாளும்.

ராத்திரிகளில் வண்டியில் அம்மாவின் பக்கத்தில் படுப்பேன். நடுவழியில் எப்போதோ அவள் கையில் மண்ணெண்ணெய் வாசனை போய்விட்டிருந்தது. தாழம்பூ மாதிரி, வெயிலில் காய்ந்த துணி மாதிரி ஏதோ ஒன்று. எனக்கு முதலில் பிடிக்கவில்லை. யாரோ வேற்று ஆள் பக்கத்தில் படுத்திருப்பதுபோல் இருந்தது.

வழியில் முக்கோணமும் தன் வேலையைப் பார்த்தது. வெயில் ஏற ஏற அது நீல பெயிண்டைத் தாண்டி வெளியே வந்துகொண்டே இருந்தது. புதுக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமத்தில் வண்டி நின்றதும் ஆண்கள் சிலர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வரப்பில் ஓடினார்கள். பெண்கள் ஓடவில்லை, சுற்றி நின்று அம்மாவிடம், "டாக்டரம்மா, மாத்திரை இருக்கா?" என்று கேட்டார்கள். அம்மா பொறுமையாக, "நாங்க லீவுல வந்திருக்கோம்மா" என்றாள். நாங்க என்றாள். அப்பா காதில் அது விழவில்லை.

ராமேஸ்வரம் எட்டியது. ஓட்டல்களில் உட்கார்ந்தும் எட்டியது. எப்படி என்று அப்பா மதுரை வரை யோசித்துக்கொண்டு வந்தார். அம்மா ஒவ்வொரு வேளையும் அடுப்பு மூட்டி, சமைத்து, பாத்திரம் தேய்க்க ஆகும் நேரத்தை அவர் தீப்பெட்டிக் கணக்கில் சேர்க்கவே இல்லை. அது நேரம் என்று அவருக்குத் தோன்றியதில்லை.

திரும்பிய அன்று மூன்றாம் வீட்டு அம்மா ஸ்டவ்வை அதே துணியில் சுற்றிக் கொண்டுவந்து தந்தார். "நிம்ம ஒலெ சென்னாகி நித்தெ மாட்து ரீ" என்றார். உங்கள் அடுப்பு நன்றாகத் தூங்கியது என்று. அம்மா தலையைக் குனிந்துகொண்டு வாங்கிக்கொண்டாள். மறுநாள் காலை பம்பு சத்தத்தில் எழுந்தோம்.

அதன் பிறகு ஆயுள் முழுக்க அப்பா இந்தக் கதையை விருந்தாளிகளிடம் சொன்னார். "இவ ஞாபக சக்தியைக் கேளுங்க. டூருக்குக் கிளம்பினோம், அடுப்பையே மறந்துட்டு வந்தவ!" அம்மா காபியை நீட்டிக்கொண்டே, "ஆமாங்க, எனக்குக் கொஞ்சம் மறதி" என்பாள். மறதிக்காரி என்ற பட்டத்தை அவள் ஒரு நாளும் மறுக்கவில்லை. நானும் நம்பினேன். வீட்டில் யாருடைய பிறந்த நட்சத்திரத்தையும், எந்தப் பாத்திரம் யார் கல்யாணத்தில் வந்தது என்பதையும் அவள் ஒருபோதும் மறந்ததில்லை என்பது என் கண்ணெதிரே இருந்தும் நம்பினேன்.

எனக்கு விதி என்றால் மூலத்தைப் பார்க்க வேண்டும், அது தொழில்புத்தி. அத்தை காலமாகி நெடுநாள் கழித்து, ஓய்வு பெற்ற பிறகு ஒரு மழைக்காலத்தில், பரஸ்தானம் பற்றித் தேடினேன். அத்தையின் பழைய பஞ்சாங்கங்களைப் புரட்டினேன். இரண்டு ஜோசியர்களையும் ஒரு சாஸ்திரிகளையும் விசாரித்தேன். பொருளை வைப்பது உண்டு. எடுத்துக்கொண்டு போவது உண்டு. பதில் சாமான் வாங்கக் கூடாது என்று எங்கும் இல்லை. சாஸ்திரிகள் சிரித்தார். "யாரும்மா சொன்னா? அப்படியெல்லாம் கிடையாதே."

அத்தை சொன்னாள். புளியமரத்தடியில் உட்கார்ந்து, அந்த நிமிடத்தில், ஒரு விதியை இயற்றி, அமலுக்கும் கொண்டுவந்தாள். குடையை வேண்டாம் என்றதும் அவள்தான். கை எதுமேல் படுகிறது என்று கேட்டதும் அவள்தான். ரசத்தின் மேலான ஆட்சேபணை மட்டும் கடைசிவரை அப்படியேதான் இருந்தது.

இனி சந்தாபுரா. போன வாரம் மகன் கேரவனின் படத்தைச் செல்போனில் காட்டினான். "கிச்சன் பாரும்மா. சிங்க், ஃப்ரிட்ஜ் எல்லாம் இருக்கு. அடுப்பு மட்டும் நாம கொண்டுபோகணுமாம், வாங்கிட்டேன்." பெட்டியைப் பிரித்து ஒரு இண்டக்‌ஷன் அடுப்பை மேஜைமேல் வைத்தான். கறுப்புக் கண்ணாடி, பளபளவென்று. "வெளிச்சாப்பாடே வேண்டாம். டைமும் மிச்சம். அவ இருக்கா, நீயும் கூட வர்ற. அப்புறம் என்ன கவலை?"

மருமகள் மடிக்கணினியிலிருந்து தலையைத் தூக்கினாள். அவளும் வேலைக்குப் போகிறவள். அவளும் லீவுக்கு மல்லுக்கட்டியவள். அடுப்பைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். கொஞ்சம் சிரித்து வைத்தாள். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரிந்தது.

பிறகு, ராகு காலம் எந்தக் கிழமை எப்போது என்றுகூடத் தெரியாத அந்தப் பெண், என் பக்கம் திரும்பிக் கேட்டாள்.

"அத்தை, நாம சனிக்கிழமை கிளம்புறோம். சனிக்கிழமை கிழக்கே சூலம் இல்லையா?"

இந்தக் கதையை நான் அவளுக்கு எப்போது சொன்னேன் என்று யோசித்தேன். போன வருடம், ஒரு மழை நாளில். அவள் பாதித் தூக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்ததாக அப்போது நினைத்தேன்.

"உனக்கு எப்பலேர்ந்து இதெல்லாம்?" என்றான் மகன். "எனக்கு லீவை மாத்த முடியாது, இப்பவே சொல்லிட்டேன்."

"மாத்த வேணாம்" என்றேன். "பரஸ்தானம் வெச்சுட்டா போதும். வீட்டுப் பொம்பளை கை தினமும் படப்போற சாமானா இருக்கணும். பதில் சாமான் வாங்கக் கூடாது."

"எந்த ரூல்ல இருக்கு?"

"இருக்கு."

என் குரல் சரியாக இருந்தது. அவன் தோளைக் குலுக்கிவிட்டு ரூட் மேப்புக்குள் போய்விட்டான். மருமகள் எழுந்துபோய் ஒரு மஞ்சள் பையைக் கொண்டுவந்து, முகத்தில் ஒரு கோடுகூட அசையாமல், எனக்காக விரித்துப் பிடித்தாள்.

வெள்ளிக்கிழமை காலை எதிர் ஃப்ளாட்டின் மணியை அடித்தேன். அங்கே இருக்கும் கன்னட அம்மா என் வயதுக்காரர். பையை வாங்கி, உள்ளே இருந்த அடுப்பை எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"வாபஸ் யாவாக தகொள்த்தீரா?"

"டூர் முகித மேலெ ரீ" என்றேன். பயணம் முடிந்த பிறகு.

ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.